தாம்பரத்திலிருந்து தாக்லாங் லா வரை

(தாம்பரத்தில் சைக்கிள் ஓட்டுபவர்களும் அவர்கள் குடும்பத்தினரும் கூடியிருந்த பொது அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இமயமலையில் சைக்கிள் ஓட்டுவது பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். நான் பரங்கிமலையிலிருந்து தொடங்குகிறேன். 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் தேதி, வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலைப் பக்கத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரைக்கும் ஒரு நேர்கோட்டை அளக்க ஆரம்பித்தார். ஏழரை மைல் நீளம். நூறடி நீள எஃகுச் சங்கிலியை மரத்தொட்டிகளில் கிடத்தி அளந்தார்கள். சித்திரை வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் பக்கத்திலேயே வெப்பமானி வைத்து, ஒவ்வொரு அளவிலும் அந்த நீட்சிக்கு ஏற்பத் திருத்தம் செய்தார்கள். அந்த ஏழரை மைலுக்கு மே மாதத்தின் பிற்பகுதி வரை ஆயிற்று. அந்த அடிக்கோட்டை வைத்து முக்கோணம் முக்கோணமாக நாட்டை அளந்துகொண்டே வடக்கே போனார்கள். நடுவில் வேறு அடிக்கோடுகளும் போட்டார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அந்த அளவை இமயத்தின் அடிவாரத்தை எட்டியது. அந்த அளவைத் துறையின் கணித வல்லுநர் ராதாநாத் சிக்தார் கணக்குப் போட்டார். 1856இல் உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்கு 29,002 அடி என்று அறிவித்தார்கள். இமயத்தின் உயரத்தைச் சொன்ன அந்தப் பேரளவையின் தொடக்கக் கோடு, நாம் அன்றாடம் வேலைக்குப் போய்வருகிற வேளச்சேரி, மேடவாக்கம் வட்டாரத்து மண்ணில் கிடக்கிறது. லாம்டனின் மார்பளவுச் சிலை பரங்கிமலை உச்சியில் இருக்கிறது. பார்க்காதவர்கள் ஒரு காலை நேரம் சைக்கிளிலேயே ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. லடாக்கில் கர்துங் லா என்று ஒரு கணவாய் இருக்கிறது. அங்கே நட்டிருக்கும் பலகையில் நெடுங்காலமாக 18,380 அடி என்று எழுதியிருந்தது. செயற்கைக்கோள் வழி எடுத்த அளவுகளோ 5,359 மீட்டர், அதாவது 17,582 அடிதான் காட்டுகின்றன. கிட்டத்தட்ட எண்ணூறு அடி வித்தியாசம். நம் ஊர்ப் பிள்ளைகள் அந்தப் பலகையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளட்டும், எனக்கு வருத்தமில்லை. ஆனால் உங்கள் நுரையீரலுக்குள் போகும் காற்றைத் தீர்மானிப்பது உண்மையான உயரம்தான். எந்த இரவு எந்த உயரத்தில் படுக்கிறோம் என்பதைப் பொறுத்தே மறுநாள் எழுந்து ஓட்ட முடியுமா என்பது இருக்கிறது. ஆகையால் எண்களைச் சரியாகத் தெரிந்துகொண்டு கிளம்ப வேண்டும்.

பரங்கிமலை சுமார் 300 அடி. மணாலியிலிருந்து லே போகும் சாலையின் மிக உயர்ந்த கணவாயான தாக்லாங் லா, 17,400 அடிக்கு மேல். ஏறத்தாழ அறுபது பரங்கிமலை. அந்தச் சாலையைத்தான் இன்று முதன்மையாக எடுத்துக்கொள்ளப் போகிறேன். நம் ஊரிலிருந்து இமயத்தில் சைக்கிள் ஓட்டப் போகிறவர்களில் பலரும் முதலில் போவது அந்தச் சாலைக்குத்தான்.

மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டியைவிடக் கொஞ்சம் தாழ்வாக. அங்கிருந்து பழைய சாலை வழியாக லேவுக்கு 475 கிலோமீட்டர் போல வரும். முதல் கணவாய் ரோதாங், 3,978 மீட்டர். அதைத் தாண்டிச் சந்திரா ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி, கேலாங், ஜிஸ்பா, தார்ச்சா வழியாக மறுபடி ஏறினால் பாராலாச்சா லா, 4,800க்கு மேல். அப்புறம் சார்ச்சு சமவெளி. அதன் முடிவில் கடா லூப்ஸ் என்ற 21 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றின் மேலே நக்கீ லா, அடுத்து 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுலுங் லா. பாங் என்ற கூடாரக் குடியிருப்புக்குப் பிறகு மோரே சமவெளி. நாற்பது கிலோமீட்டர் போல, 4,700 மீட்டர் உயரத்தில், பரந்து கிடக்கிறது. அது முடியும் இடத்தில் தாக்லாங் லா. பிறகு சிந்து நதிக்கரைக்கு இறக்கம். 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கம் திறந்த பிறகு லேவுக்குப் போகும் லாரிகள் பெரும்பாலும் ரோதாங் ஏறுவதில்லை. சைக்கிள்காரனுக்கு அது பெரிய நிம்மதி. சாலையைக் குளிர்காலத்தில் பனி மூடிவிடும், கோடையில்தான் போக முடியும்.

இனி, பலருக்கும் வியப்பாக இருக்கும் ஒரு செய்தி. இந்தச் சாலையின் ஏற்றம் நம் தமிழ்நாட்டு மலைகளின் ஏற்றத்தைவிடச் சாய்வு குறைந்தது. எல்லைச் சாலை நிறுவனம் அதைச் சரக்கு ஏற்றிய ராணுவ லாரிகளுக்காகப் போட்டது. நூறு மீட்டர் போனால் ஐந்து, ஆறு மீட்டர் உயரும். மசினகுடியிலிருந்து ஊட்டிக்குப் போகும் கல்லட்டிப் பாதையை எண்ணிப் பாருங்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள், பல இடங்களில் சாய்வு இதைப்போல இரண்டு மடங்கு. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 வளைவுகள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. 2008 முதல் நடக்கிற நீலகிரி சைக்கிள் பயணத்தில் கல்லட்டி ஏறுகிற நாளைத்தான் எல்லோரும் பயத்தோடும் ஆசையோடும் எதிர்பார்ப்பார்கள். அங்கே இறங்கித் தள்ளாமல் ஏறியவரின் கால் பலத்துக்குத் தாக்லாங் லாவின் சாய்வு பெரிய விஷயமே இல்லை.

அப்படியானால் கல்லட்டி ஏறிய வீரர்கள் பாராலாச்சாவில் ஏன் சுருண்டு விழுகிறார்கள்? அதற்கு மூச்சைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கு முன்னால் கியர் பற்றி ஒரு கணக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு அது பயன்படும்.

நம் அப்பாக்கள் ஓட்டிய சாதா சைக்கிளில் முன்பல் சக்கரத்துக்கு 44 பல், பின்னால் ஃப்ரீவீலுக்கு 18 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஐந்தரை மீட்டர் போல முன்னேறும். நூற்றுக்கு ஆறு ஏற்றத்தில் அந்த ஒரு சுற்றுக்கு உங்களையும் மூட்டையையும் 33 சென்டிமீட்டர் மேலே தூக்க வேண்டும். முன்னும் பின்னும் 34 பல் இருக்கிற வண்டியில் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் சொச்சம்தான் போகும். 13 சென்டிமீட்டர் தூக்கினால் போதும். முதலாவது, மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுவது போல. இரண்டாவதில் ஒரு படி உயரம்கூட இல்லை. இப்படி மெல்லச் சுற்றினால் மணிக்கு ஏழு கிலோமீட்டர் வேகம் வரும், காற்று மெலிந்த இடத்தில் ஐந்துக்கு இறங்கும். நடப்பதைவிடச் சற்றே வேகம். அது போதும். ஆக, வண்டி வாங்கும்போது சட்டம் கார்பனா அலுமினியமா என்று கேட்பதற்கு முன்னால் மிகச் சிறிய கியர் எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டு பிரேக்கும் நன்றாகப் பிடிக்கிறதா, ஆரக்கம்பிகள் வலுவா என்று பாருங்கள். ரிம் கோட்டம் எடுக்க நம் தெருமுனை சைக்கிள் கடை அண்ணனிடம் ஒரு நாள் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். கேலாங்கைத் தாண்டினால் லே வரைக்கும் உங்களுக்குக் கோட்டம் எடுத்துத்தர ஆள் கிடைப்பது அரிது.

கியர் இல்லாத காலத்திலும் மலை தாண்டியவர்கள் உண்டு. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து பார்சி இளைஞர்கள் ஆறு பேர் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். அவர்களில் அடி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்கரா மூவரும் 1928இல் சுற்றி முடித்து ஊர் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு கிளம்பிய பிராம்ரோஸ் தாவர் ஏழாண்டு காலம் சுற்றினார். வியன்னாவில் சேர்ந்துகொண்ட ஒரு தோழருடன் சகாராவைக் கடந்தார், ஆண்டிஸ் மலையைத் தாண்டினார். அயர்லாந்திலிருந்து 1963இல் தனியாகக் கிளம்பிய டெர்வ்லா மர்ஃபி என்ற பெண்மணி, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் மலைகள் வழியாகச் சைக்கிளில் டெல்லி வந்து சேர்ந்தார். இவர்களுக்குக் கிடைத்த சாலையையும் வண்டியையும் நினைத்துப் பார்த்தால் நமக்குச் சாக்குச் சொல்ல வாய் வராது.

சரி, மூச்சுக்கு வருகிறேன். தாம்பரத்துக்காரர்களிடம் நுரையீரல் பற்றிப் பேசுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. 1928இல் டாக்டர் சௌரி முத்து இங்கே காசநோய்க்கான சானடோரியம் தொடங்கினார். நல்ல காற்றும் மரநிழலும் ஓய்வும் நுரையீரலை ஆற்றும் என்ற நம்பிக்கையில் அவர் தேர்ந்தெடுத்த இடம் இது. நம் ரயில் நிலையம் ஒன்றுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அந்த மருத்துவமனை இன்றும் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக ஆயிரக்கணக்கானோருக்கு மூச்சுக் கொடுக்கிறது.

காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். தாம்பரத்திலும் அப்படித்தான், தாக்லாங் லாவிலும் அப்படித்தான். மாறுவது அழுத்தம். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். ஊட்டியில் அது முக்கால் பங்குக்குச் சற்று அதிகம். லேவில் மூன்றில் இரண்டு பங்கு. தாக்லாங் லாவில் பாதியைவிடக் கொஞ்சமே கூடுதல். அழுத்தம் குறைந்தால் ஆக்சிஜன் நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் தள்ளப்படும் விசையும் குறைகிறது. உடல் முதலில் மூச்சை வேகப்படுத்துகிறது. வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்திலிருந்து கரியமில வாயு அதிகம் வெளியேறி ரத்தம் காரத்தன்மை அடைகிறது. மூளை உடனே மூச்சைக் கட்டுப்படுத்தப் பார்க்கிறது. அதனால்தான் முதல் இரவுகளில் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் திடுக்கிட்டு விழிப்பதும். சிறுநீரகம் அந்தக் காரத்தை மெல்ல மெல்லச் சிறுநீரில் கழித்த பிறகுதான் உடல் தடையில்லாமல் வேகமாக மூச்சுவிட முடிகிறது. அதற்குச் சில நாள் பிடிக்கும். சிவப்பணுக்கள் கூடுவதற்கோ வாரக்கணக்கில் ஆகும். இதில் எதையும் உடற்பயிற்சியால் அவசரப்படுத்த முடியாது. வண்டலூரில் தினமும் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவனுக்கும், ஒன்றுமே ஓட்டாதவனுக்கும் சிறுநீரகம் ஒரே வேகத்தில்தான் வேலை செய்கிறது. சொல்லப்போனால் நல்ல பயிற்சி உள்ள இளைஞர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். கால் ஓட்டச் சொல்கிறது, அவர்களும் ஓட்டிவிடுகிறார்கள்.

இதை நம் நாடு மிகுந்த விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது. 1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்த படைவீரர்களை விமானத்தில் ஏற்றி நேராக உயரமான எல்லைப் பகுதிகளில் இறக்கினார்கள். இளைஞர்கள், கட்டுமஸ்தான உடல்கள், ஆனாலும் பலர் தலைவலியும் வாந்தியும் மூச்சுத் திணறலுமாக விழுந்தார்கள். நுரையீரலில் நீர் கோத்து இறந்தவர்கள் உண்டு. ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடைய குழுவினரும் 1,925 வீரர்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1969இல் வெளியானது. மலை நோயைப் பற்றி உலகம் படித்த முக்கியமான ஆய்வுகளில் அது ஒன்று. அந்தக் கட்டுரையை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். அப்படி இறந்த வீரர்கள் எதிரியின் குண்டுக்குத் தப்பியவர்கள். உயரத்துக்குப் பழக அவர்களுக்குச் சில நாட்கள் கொடுத்திருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள்.

இன்று மருத்துவர்கள் சொல்லும் விதி எளிது. 3,000 மீட்டருக்கு மேலே போன பிறகு, இன்று படுக்கும் இடம் நேற்றுப் படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே உயரத்தில் இரண்டு இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் தொட்டாலும் பரவாயில்லை, படுக்கை கீழே இருக்கட்டும். தலைவலியோடு குமட்டல், சோர்வு, தலைச்சுற்றல் சேர்ந்தால் அது மலை நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள், மேலே ஏறாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, நேர்கோட்டில் நடக்கத் தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. இருட்டாக இருந்தாலும், கிடைத்த லாரியில் ஏறியாவது கீழே இறங்க வேண்டும். சைக்கிளை அங்கேயே விட்டுவிடுங்கள். அசெட்டசோலமைடு மாத்திரை சிறுநீரகத்தின் அந்த வேலைக்கு உதவும். ஆனால் அதை மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், எடுத்துவிட்டோம் என்பதற்காக விதியை மீறவும் கூடாது.

மணாலியிலிருந்து காரிலும் மோட்டார் சைக்கிளிலும் போகிறவர்களில் பலர் ஒரே நாளில் 4,290 மீட்டர் உயரமுள்ள சார்ச்சுவில் போய்ப் படுக்கிறார்கள். நான் அந்தக் கூடாரங்களில் விடிய விடிய வாந்தி எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சைக்கிள்காரன் அங்கே போய்ச் சேர ஆறு நாளோ ஏழு நாளோ ஆகும். எதை வண்டியின் குறை என்று எல்லோரும் நினைக்கிறார்களோ, அதுவே உடம்புக்கு வேண்டிய நாட்களைச் சம்பாதித்துக் கொடுக்கிறது. நான் இன்று உங்களிடம் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். உயர்ந்த மலைக்குள் ஒரு சமவெளி மனிதன் போக வேண்டிய வேகம் கிட்டத்தட்ட சைக்கிளின் வேகம். அந்த வேகத்தையும் சாதனை வெறியில் நாம் கூட்டிவிடக் கூடாது. மணாலியையும் லேவையும் மூன்றே நாளுக்குள் சைக்கிளில் இணைத்தவர்கள் இருக்கிறார்கள். 2022இல் புணேயைச் சேர்ந்த பிரீத்தி மஸ்கே அப்படிச் செய்தார். அவர்களை நான் வணங்குகிறேன். அவர்கள் உயரத்துக்குப் பழகிய பிறகு, உதவி வண்டியோடு போனவர்கள். முதன்முறை போகும் தாம்பரத்துப் பிள்ளைக்கு அது பாடம் ஆகாது.

அப்படியானால் இந்தச் சமதரையில் நாம் பயில ஒன்றுமே இல்லையா? நிறைய இருக்கிறது. முதலாவது, உட்காரப் பழகுவது. ஏழெட்டு மணி நேரம், பத்து நாள் தொடர்ந்து இருக்கையில் உட்கார முதுகும் தோளும் உள்ளங்கையும் பழக வேண்டும். அதற்கு நம் சாலைகள் போதும். வண்டலூரிலிருந்து மாம்பாக்கம் வழியாகக் கேளம்பாக்கம், அங்கிருந்து கோவளம், கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, கொளவாய் ஏரிக்கரை, மறுபடி ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம். ஒரு ஞாயிறுக்குள் நூறு கிலோமீட்டரைத் தாண்டிய சுற்று. கோவளத்துக்குத் தெற்கே மதியத்துக்கு மேல் கடற்காற்று முகத்தில் அடிக்கும் பாருங்கள், அந்த எதிர்காற்று மோரே சமவெளிக்கு நல்ல ஆசிரியர். அங்கேயும் மதியத்துக்கு மேல்தான் காற்று எழும். தரை சமமாக இருந்தாலும் வண்டி நகராது. கோவளத்தில் அதைப் பழகியவன் அங்கே கோபப்படாமல் கியரைக் குறைத்துக்கொள்வான்.

இரண்டாவது, தன் வேகத்தைத் தானே கணக்கு வைத்து ஓட்டுவது. இதற்கு மெட்ராஸ் ராண்டனியர்ஸ் நடத்தும் பிரவே ஓட்டங்கள் நல்ல பள்ளிக்கூடம். பாரிஸில் இருக்கும் அமைப்பின் விதிப்படி நடப்பவை. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில், 300ஐ 20 மணியில், 400ஐ 27 மணியில், 600ஐ 40 மணியில் முடிக்க வேண்டும். முதல் வந்தவர், கடைசி வந்தவர் என்று வரிசை கிடையாது. பழுது வந்தால் நீங்களே சரிசெய்ய வேண்டும், சோறு நீங்களே தேட வேண்டும், இரவில் விளக்கும் ஒளிரும் சட்டையும் கட்டாயம். மேல்மருவத்தூர் தாண்டி நடுச்சாமத்தில் பஞ்சர் ஒட்டப் பழகிய கை, பாங்கில் குளிரில் விறைத்துப் போனாலும் வேலை செய்யும். டியூபைப் பற்றி இன்னொன்று. உயரத்தில் டயர் வெடித்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். 5,300 மீட்டரில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் டயருக்குள் கூடுவது போலத் தெரிவது ஏழு பி.எஸ்.ஐ. அளவுதான், குளிரில் அதிலும் கொஞ்சம் குறையும். நல்ல டயர் தாங்கும். உண்மையான தொல்லை வேறு. அங்கே பஞ்சர் ஒட்டிவிட்டுக் காற்றடித்தால் நம் ஊரைப்போல இரண்டு மடங்கு பம்பு அடிக்க வேண்டும், அதுவும் மூச்சு வாங்கிக்கொண்டு.

மூன்றாவது, சாய்வு. அதற்கு ஏலகிரியிலும் ஏற்காட்டிலும் மூட்டையோடு ஏறிப் பாருங்கள். வெறும் வண்டியில் ஏறுவது வேறு, பின்கேரியரில் பதினைந்து கிலோ கட்டிக்கொண்டு ஏறுவது வேறு. இறங்குவதையும் அங்கேயே பழகுங்கள். மலையில் விழுந்தவர்கள் பெரும்பாலும் இறங்கும்போதுதான் விழுந்தார்கள்.

இந்தப் பயிற்சியைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறைக்க மனம் வரவில்லை. அந்த மலைச் சாலையைவிட எனக்குப் பயமாக இருப்பது நம் புறநகர்ச் சாலைதான். பெருங்களத்தூரிலும் வண்டலூரிலும் விடிகாலையில் சர்வீஸ் சாலை முடிந்து லாரிகளோடு கலக்கும் அந்த இடங்கள், வேளச்சேரி – தாம்பரம் சாலையில் இடப்பக்கம் திடீரென்று திரும்பும் பேருந்துகள், மழைக்குப் பிறகு தண்ணீருக்கடியில் மறைந்திருக்கும் பள்ளங்கள். கணவாயில் எதிரே வரும் ராணுவ லாரி ஓட்டுநர் சைக்கிளைப் பார்த்ததும் வேகம் குறைத்து, கைகாட்டி, வழிவிடுவார். இங்கே பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்கிறது. 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு எல்லோருக்கும் விரிந்த நல்ல திட்டம். புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரமாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அப்படிப்பட்ட மாநிலத்தில், வண்டியைக் கொடுத்த பிறகு அது ஓடுவதற்கு ஒரு முழம் பாதுகாப்பான ஓரம் கொடுக்காமல் இருப்பது நியாயமே இல்லை. தாம்பரம் மாநகராட்சி புதிய சாலை போடும்போதெல்லாம் இதைக் கேளுங்கள். நானும் உங்களோடு வந்து கேட்கிறேன்.

மறுபடி மலைக்கு. பாராலாச்சாவுக்கு முன்னால் வரும் ஜிங்ஜிங்பாருக்கு மேலே சாலையின் குறுக்கே ஓடைகள் பாயும். பனி உருகி வரும் தண்ணீர். காலையில் கணுக்கால் அளவு, பிற்பகலில் முழங்காலுக்கு மேல், கூடவே கல்லையும் உருட்டிக்கொண்டு வரும். ஆகையால் விடியும்போதே கிளம்பி, பதினோரு மணிக்குள் ஓடைகளைத் தாண்டிவிட வேண்டும். மாற்றுச் செருப்பு ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஷூவோடு இறங்கினால் அன்று முழுக்க பாதம் மரத்துப் போகும்.

சாப்பாடு. பரத்பூர், சார்ச்சு, பாங், தெப்ரிங் என்று இடையிடையே கூடாரக் கடைகள் கோடையில் இருக்கும். ராஜ்மாவும் சோறும், பருப்பு, ஆம்லெட், நூடுல்ஸ் கிடைக்கும். 4,600 மீட்டரில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதனால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது, அரிசி நடுவில் விறைப்பாகவே நிற்கும். குக்கர் விசில் கேட்கும் கூடாரமாகப் பார்த்து உட்காருங்கள். உயரத்தில் பசி செத்துவிடும், ஆனாலும் சாப்பிட்டே ஆக வேண்டும். அதற்கு நம் கோவில்பட்டிக் கடலைமிட்டாயைப் போல உதவிய பண்டம் வேறு எனக்குத் தெரியாது. உருகாது, கெடாது, வாயில் போட்டால் இறங்கிவிடும். தண்ணீர் தாகம் எடுக்காவிட்டாலும் குடியுங்கள். வறண்ட காற்றில் ஒவ்வொரு மூச்சிலும் ஈரம் போய்க்கொண்டிருக்கும், வியர்வை காய்ந்துவிடுவதால் தெரியாது.

அந்தச் சாலையில் உங்களைவிட மெதுவாக நகர்பவர்கள் ஒரு சாரார்தான். சாலை போடுகிறவர்கள். ஜார்க்கண்ட் மாநிலத்தின் தும்கா பக்கத்திலிருந்து வரும் சந்தால் தொழிலாளிகள் பலர், அவர்களும் நம்மைப் போலச் சமவெளியில் பிறந்தவர்கள். தார் காய்ச்சும் புகைக்கு நடுவில், முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு, 4,500 மீட்டரில் கல் உடைக்கிறார்கள். நாம் விடுமுறை எடுத்துக்கொண்டு போய்ப் பெருமையாகப் படம் எடுக்கும் உயரத்தில் அவர்கள் பருவம் முழுக்க உழைக்கிறார்கள். காரில் போனால் அவர்கள் முகம் தெரியாது. சைக்கிளில் போனால் நின்று பேசாமல் தாண்ட முடியாது, அவர்களே கையசைத்துத் தேநீருக்குக் கூப்பிடுவார்கள். உட்காருங்கள். உங்களிடம் வலிமாத்திரை, கையுறை, வெயில் கண்ணாடி கூடுதலாக இருந்தால் கொடுத்துவிட்டு வாருங்கள். அங்கே அவை பெரிய பொருள்கள். பாங்கில் ராணுவ முகாம் இருக்கிறது. அங்கே திருவண்ணாமலை, வேலூர் பக்கத்துத் தமிழ்க் குரல் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள், நம் மாவட்டங்களிலிருந்து படையில் சேர்ந்தவர்கள் அவ்வளவு பேர்.

அம்மாக்கள் பலர் வந்திருக்கிறீர்கள். பிள்ளையை அனுப்பலாமா என்று உங்களில் சிலர் வாசலிலேயே என்னிடம் கேட்டீர்கள். ஆஸ்துமா, இதய நோய், ரத்த அழுத்தம் எது இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். தனியாக அனுப்ப வேண்டாம், குறைந்தது மூன்று பேர். அந்த மூவருக்கும் திரும்பி வரத் துணிவு இருக்க வேண்டும். பாராலாச்சாவுக்குப் பத்துக் கிலோமீட்டர் முன்னால் தலைவலி என்று ஒருவன் சொன்னால், மற்ற இருவரும் முகம் சுளிக்காமல் வண்டியைத் திருப்ப வேண்டும். இதை இங்கே தாம்பரத்திலேயே, கிளம்பும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

நாள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். மணாலியில் இரண்டு இரவு. ரயிலில் பார்சலாக டெல்லி வரை வந்து, பிறகு பேருந்துக் கூரையில் மலையேறிய சைக்கிளைப் பூட்டிச் சரிபார்க்கவே ஒரு நாள் போய்விடும். மூன்றாம் நாள் மர்ஹி வரை மட்டும். நான்காம் நாள் ரோதாங் தாண்டிக் கோக்சர் அல்லது சிஸ்ஸு. ஐந்தாம் நாள் ஜிஸ்பா, 3,200 மீட்டர், ஆற்றங்கரை. அங்கே இரண்டு இரவு. அடுத்து 3,800 மீட்டர் போல இருக்கும் பட்சியோ, ஏற்றம் விதியின் 500 மீட்டரைச் சற்றுத் தாண்டுவதால்தான் ஜிஸ்பாவில் அந்த இரண்டு இரவு. அடுத்து 4,270இல் ஜிங்ஜிங்பார். இவ்வளவும் ஆன பிறகுதான் பாராலாச்சாவைத் தாண்டிச் சார்ச்சு. உடம்பு சொன்னால் சார்ச்சுவிலும் ஒரு நாள். அப்புறம் கடா லூப்ஸ் ஏறி, நக்கீ லாவுக்கு அப்பால் விஸ்கி நாலா கூடாரங்கள். அங்கே இரவு சிரமமாக இருக்கும் என்று தோன்றினால் லாச்சுலுங்கையும் தாண்டி அன்றே பாங். மறுநாள் மோரே சமவெளி, தெப்ரிங். அதற்கடுத்த நாள் காலையில் தாக்லாங் லா, மாலைக்குள் ரும்ட்சே. கடைசி நாள் உப்ஷி வழியாகச் சிந்துவின் கரையோடு லே. அலுவலகத்தில் விடுமுறை கேட்கும்போது போக வர ரயில் நாட்களைச் சேர்த்து மூன்று வாரம் கேளுங்கள். இரண்டு வாரம்தான் கிடைக்கும் என்றால், இந்த ஆண்டு நீலகிரிக்குப் போய்வாருங்கள். ஜிஸ்பாவில் தங்கும் அந்த இரண்டாவது இரவை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள்.

உயரக் கணக்கு எழுதிய தாள்கள் மேசையில் இருக்கின்றன, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். இனி உங்கள் கேள்விகள்.